டுவார்ஃப் ஃபோர்ட்ரஸில் யானை வளர்ப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டுவார்ஃப் ஃபோர்ட்ரஸ் என்ற கணினி விளையாட்டில், மழைக்காட்டில் கோட்டை போட்ட எவரும் ஒருநாள் வரைபடத்தின் ஓரத்தில் யானைக் கூட்டம் வந்து நிற்பதைப் பார்த்துவிட்டு, "பிடித்து வளர்த்தால் என்ன?" என்று யோசித்திருப்பார்கள். பிடிப்பது சுலபம். பிடித்ததைப் பட்டினி போடாமல் வைத்திருப்பதுதான் வேலை. அதனால் இந்தப் பக்கத்தில் பொறியைவிடப் புல்லைப் பற்றித்தான் அதிகம் இருக்கும். ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் 2022 டிசம்பர் 6 அன்று வெளியான பதிப்பையும் அதற்குப் பிறகு வந்தவற்றையும் மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். பழைய பதிப்புகளில் வேறுபடும் இடங்களை அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

நான் இந்த விளையாட்டை ஆடியதே இல்லை. சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

டார்ன் ஆடம்ஸ், ஜாக் ஆடம்ஸ் என்ற அமெரிக்கச் சகோதரர்கள் பே 12 கேம்ஸ் என்ற பெயரில் உருவாக்கிவரும் விளையாட்டு. முதல் பொதுவெளியீடு 2006 ஆகஸ்டில் வந்தது. கணினி முதலில் ஒரு மாய உலகத்தையே, அதன் நூற்றாண்டுக் கணக்கான வரலாற்றோடு உண்டாக்கும். பிறகு நீங்கள் ஏழு குள்ளர்களை அனுப்பி, மலையையோ மண்ணையோ குடைந்து கோட்டை கட்ட வேண்டும். குள்ளர்களுக்கு நேரடியாகக் கட்டளையிட முடியாது. வேலையைக் குறித்து வைத்தால் அவர்களே வந்து செய்வார்கள், அல்லது சாராயம் குடிக்கப் போய்விடுவார்கள். வெற்றி என்று ஒன்று கிடையாது. கோட்டை எப்படி அழிகிறது என்பதுதான் கதை. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 2012-ல் முதன்முதலாகத் தன் சேகரிப்பில் சேர்த்த 14 வீடியோ விளையாட்டுகளில் இதுவும் ஒன்று. படங்கள் இல்லாத எழுத்துக்குறிப் பதிப்பு இன்றும் இலவசம்.

யானை எங்கே கிடைக்கும்?

வெப்பமண்டலப் பகுதிகளில். உலக வரைபடத்தில் இடம் தேர்ந்தெடுக்கும்போது வெப்பநிலையைப் பாருங்கள். குளிர்ப் பிரதேசத்தில் வருடக் கணக்கில் காத்திருந்தாலும் யானை வராது. வெப்பமண்டலமாக இருந்தாலும் எல்லா இடத்திலும் இருக்கும் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு வட்டாரத்திலும் எந்தெந்த விலங்குகள், எத்தனை என்பதை உலகம் உருவாகும்போதே விளையாட்டு கணக்குப் போட்டு வைத்துவிடும். அந்த எண்ணிக்கை தீர்ந்தால் தீர்ந்ததுதான். வேட்டையாடியே ஒரு வட்டாரத்து யானைகளை ஒழித்துவிட முடியும்.

இன்னொரு வழி, எல்ஃப் (மரங்களை நேசிக்கும் கற்பனை இனம்) வணிகர்கள். வசந்த காலத்தில் வரும் இவர்கள் சில சமயம் பழக்கிய விலங்குகளைக் கூண்டோடு கொண்டுவருவார்கள். யானை வருமா என்பது உங்கள் அதிர்ஷ்டம். வந்தால் மரப்பொருள் எதையும் பதிலுக்கு நீட்டிவிடாதீர்கள். மரத்தை வெட்டியவன் என்று கோபித்துக்கொண்டு வியாபாரத்தையே முறித்துக்கொள்வார்கள். மரப்பெட்டிக்குள் வைத்துக் கல் பொம்மை கொடுத்தாலும் அதே கதிதான்.

காட்டு யானை என் குள்ளர்களைக் கொல்லுமா? பழைய ஆட்டக்காரர்கள் யானை என்றாலே பயப்படுகிறார்களே?

அந்தப் பயத்துக்கு வரலாறு இருக்கிறது. ஆரம்பகாலப் பதிப்புகளில் யானைதான் கோட்டைகளின் எமன். 2006, 2007 வாக்கில் சம்திங் ஆஃபுல் என்ற இணைய மன்றத்தினர் சேர்ந்து ஆடிய 'போட்மர்டர்ட்' என்ற கோட்டையின் கதை இணையத்தில் இன்றும் படிக்கப்படுகிறது. ஒருவர் ஒரு விளையாட்டு ஆண்டு ஆண்டுவிட்டு, சேமித்த கோப்பை அடுத்தவரிடம் கொடுப்பார். வெளியே போகிற குள்ளர்களை யானைகள் மிதித்துக் கொல்வதுதான் அந்தக் கதையின் பாதி. ஒரு குள்ளன் செத்தால் அவன் போட்டிருந்த காலுறையை எடுத்துவர இன்னொருவன் போவான், அவனும் சாவான். அவனுடைய காலுறைக்கு மூன்றாவது ஆள்.

இன்று நிலைமை அப்படி இல்லை. மேய்ந்துகொண்டிருக்கும் யானை உங்கள் வாசலைத் தேடிவந்து அடிப்பதில்லை. ஆனால் உருவத்தை மறந்துவிடாதீர்கள். இந்த விளையாட்டில் ஒவ்வோர் உயிருக்கும் கன சென்டிமீட்டரில் ஓர் அளவு உண்டு. குள்ளனுக்கு 60,000, யானைக்கு 50,00,000. அதாவது ஐந்து கனமீட்டர், ஏறத்தாழ ஐந்து டன். நிஜ யானைக்கு மிகவும் நெருக்கமான கணக்குதான். ஒரு யானைக்கு எண்பத்து மூன்று குள்ளர்கள் ஈடு. சண்டையில் இந்த எண்தான் பேசும்.

நடைமுறையில் வம்பு வருவது வேட்டைக்காரனால். குறுக்குவில்லோடு திரியும் வேட்டைக்காரன் எதைச் சுடுவது என்று உங்களைக் கேட்கமாட்டான். அம்பு பட்ட யானை திரும்பி வந்து மோதும். யானை இருக்கும் இடத்தில் கோட்டை போட்டால் முதல் வேலையாக வேட்டைத் தொழிலை எல்லோரிடமிருந்தும் எடுத்துவிடுங்கள். இறைச்சிக்கு வேறு ஆயிரம் வழி இருக்கிறது.

சரி, எப்படிப் பிடிப்பது?

கூண்டுப்பொறி போதும். மெக்கானிக் பட்டறையில் கல்லால் செய்த ஒரு பொறிநுட்பம், தச்சுப் பட்டறையில் செய்த ஒரு மரக்கூண்டு. இரண்டையும் சேர்த்துப் பொறியாக நிறுவச் சொல்லுங்கள். பொறி வைத்த கட்டத்தில் (வரைபடத்தின் ஒரு சதுரம்) யானை கால் வைத்ததும் கூண்டுக்குள் போய்விடும். தப்பிக்க முயற்சி, உடைப்பது, இழுபறி எதுவும் கிடையாது.

சிக்கல் என்னவென்றால் அது அந்தக் கட்டத்தில் கால் வைக்க வேண்டும். பரந்த வெளியில் நான்கு பொறி போட்டுவிட்டுக் காத்திருந்தால் கூட்டம் நான்கையும் சுற்றிக்கொண்டு போகும், தெரிந்து அல்ல, இடம் அவ்வளவு பெரியது. மழைக்காட்டின் லாபம் இங்கேதான். பெரிய மரங்களின் அடிப்பாகம் வழியை மறிக்கும். ஆறு இன்னொரு பக்கம் மறிக்கும். இரண்டுக்கும் நடுவே இயல்பாகவே குறுகலான வழிகள் இருக்கும். இல்லாவிட்டால் பள்ளம் தோண்டியோ சின்னச் சுவர் எழுப்பியோ நீங்களே ஒரு குறுகிய சந்து உண்டாக்குங்கள். சந்தின் குறுக்கே ஒரு வரிசை, அதற்குப் பின்னால் இன்னொரு வரிசை. ஒரு பொறியில் ஒரு யானை விழுந்ததும் அந்தப் பொறி செயலிழந்துவிடும். யாராவது போய்ப் புதுக் கூண்டு வைக்கும்வரை அந்தக் கட்டம் வெறும் தரை. கூட்டமாக வரும் விலங்குக்கு இரண்டாவது வரிசை அதனால்தான்.

உங்கள் குள்ளர்கள் சொந்தப் பொறியில் விழமாட்டார்கள், நினைவு இருக்கும்வரை. பொறிமேல் மயங்கி விழுந்தவன் கூண்டுக்குள் போய்விடுவான். திறந்துவிட்டால் வந்துவிடுவான், கவலை வேண்டாம்.

மரக்கூண்டு யானையைத் தாங்குமா? இரும்பில் செய்ய வேண்டாமா?

தாங்கும். டிராகனையே மரக்கூண்டில் வைத்திருப்பவர்கள் உண்டு. முதுமலை தெப்பக்காட்டில் புதிதாகப் பிடித்த யானையை அடைக்கும் கரால் எவ்வளவு பருமனான மரங்களால் கட்டப்படுகிறது என்று பார்த்தவர்களுக்கு இது சிரிப்பாகத்தான் இருக்கும். விளையாட்டின் கூண்டுக்கு உள்ளே இருப்பதன் பலம் தெரியாது, அவ்வளவுதான்.

பழக்குவதற்கு என்னென்ன தேவை?

ஓர் ஆள், ஓர் இடம், கொஞ்சம் தீனி. விலங்குப் பயிற்சியாளர் வேலையை யாருக்காவது கொடுங்கள். 'அனிமல் டிரெய்னிங்' என்ற பகுதியைக் குறித்துவிடுங்கள். பிறகு உயிரினங்கள் திரையில் வளர்ப்பு விலங்குகள் பட்டியலுக்குப் போய், கூண்டிலிருக்கும் யானைக்கு எதிரே பயிற்சிக்கான குறியை அழுத்துங்கள். யானைக்குத் தாவர உணவு வேண்டும். பயிற்சியாளர் கிடங்கிலிருந்து எடுத்துப்போய்க் கொடுப்பார். கிடங்கில் இறைச்சியும் மீனும் மட்டும் இருந்தால் வேலை நகராது. விளைந்ததையெல்லாம் சாராயமாகக் காய்ச்சிவிடும் கோட்டைகளில் இது அடிக்கடி நடக்கும். "பயிற்சியாளர் சும்மாவே நிற்கிறார்" என்று வரும் புகார்களில் நான் முதலில் பார்க்கச் சொல்வது கிடங்கைத்தான்.

ஆளைத் தேர்ந்தெடுப்பதில் கஞ்சத்தனம் வேண்டாம். தேர்ந்த கையால் பழகிய யானைக்கும் கற்றுக்குட்டி பழக்கிய யானைக்கும் தரத்தில் வேறுபாடு உண்டு. பெயருக்கு இருபுறமும் வரும் குறிகளைப் பார்த்தால் தெரியும். கற்றுக்கொள்ள வருபவரை முதலில் யானையிடம் அனுப்பாமல் சின்ன விலங்குகளிடம் விடுங்கள். இன்னொன்று, ஒரே இனத்தைத் தொடர்ந்து பழக்கப் பழக, அந்த இனத்தைப் பற்றி உங்கள் நாகரிகத்துக்கு இருக்கும் அறிவும் கூடும். முதல் யானைதான் கஷ்டம்.

"பழகிவிட்டது" என்று வந்த யானை கொஞ்ச நாளில் பாதிக் காட்டு நிலைக்குப் போய்விட்டது. ஏன்?

அது வழக்கமானதுதான். காட்டில் பிடித்த விலங்கின் பழக்கம் காலப்போக்கில் தேயும். முற்றிலும் காட்டுநிலைக்குத் திரும்பினால் நடுக்கோட்டையில் ஐந்து டன் அந்நியன் நிற்பான். 2012-ல் வந்த மாற்றம் இது. அதற்கு முன் ஒருமுறை பழக்கினால் ஆயுசுக்கும் பழக்கியதுதான்.

செய்ய வேண்டியது ஒன்றுதான். பயிற்சிக் குறியை எடுக்காமல் அப்படியே விட்டுவிடுங்கள். நிலை இறங்க இறங்க பயிற்சியாளர் தானாகவே போய் மறுபடி பழக்குவார். ஒரே ஆளை நியமித்திருந்து, அவர் செத்தாலோ வேறு வேலையில் மாட்டிக்கொண்டாலோதான் ஆபத்து. அதனால் 'யாராவது ஒரு பயிற்சியாளர்' என்று வைத்துவிடுவது நல்லது. பாகன் மாறினால் யானை முறைக்கும் என்ற தொல்லை இந்த விளையாட்டில் இல்லை.

புலியைப் பிடித்தேன், அது தீனியே கேட்கவில்லை. யானை மட்டும் ஏன் பட்டினியில் சாகிறது?

புதியவர்கள் எல்லோரும் குழம்பும் இடம் இது. இந்த விளையாட்டில் வளர்ப்பு விலங்குகள் தண்ணீர் குடிப்பதில்லை, பெரும்பாலானவை சாப்பிடுவதும் இல்லை. புலி, நாய், பூனை எதற்கும் தினசரித் தீனி வேண்டாம். மேயும் விலங்குகள் என்று குறிக்கப்பட்டவற்றுக்கு மட்டும்தான் பசி உண்டு. அந்தப் பசி புல் தரையில் நின்று மேய்ந்தால் மட்டும்தான் அடங்கும். கிடங்கில் தானியம் மலைபோல் குவிந்திருந்தாலும் யாரும் அள்ளிப்போட மாட்டார்கள். பயிற்சியின்போது கொடுக்கும் உணவு பயிற்சிக்கானது, சாப்பாட்டுக் கணக்கில் சேராது.

எனவே பழகிய யானையைக் கூண்டிலேயே விட்டுவைக்கக் கூடாது. 'பென்/பாஸ்ச்சர்' என்ற மேய்ச்சல் பகுதியைப் புல்வெளியில் முன்கூட்டியே குறித்துவைத்து, பழகியதும் அதில் சேர்த்துவிடுங்கள். பிடித்த மகிழ்ச்சியில் கூண்டை உணவுக்கூடத்தில் காட்சிக்கு வைப்பவர்களின் யானைதான் முதலில் சாகிறது.

யானையை வளர்க்கவே முடியாது, எவ்வளவு புல் இருந்தாலும் செத்துப்போகும் என்று ஒரு பழைய குறிப்பில் படித்தேன். உண்மையா?

ஒருகாலத்தில் உண்மை. மேய்ச்சல் முறை 2011-ல் அறிமுகமானபோது, உருவத்துக்கு ஏற்பப் பசி என்று கணக்கு வைத்தார்கள். யானையின் உருவத்துக்குக் கிடைத்த எண்ணிக்கைப்படி அது மேயும் வேகத்தைவிடப் பசிக்கும் வேகம் அதிகமாகிப்போனது. முழு வரைபடமும் புல்லாக இருந்தாலும், நிற்காமல் மேய்ந்தாலும், யானை மெலிந்து சாகும். சோளப்பொரி என்று நம்மூரில் சொல்வது பழமொழிக்கு. இங்கே அது நிரல்பிழையாகவே இருந்தது. காண்டாமிருகத்துக்கும் இதே கதிதான். பிறகு கணக்கைத் திருத்திவிட்டார்கள். தேதி பார்க்காமல் பழைய குறிப்புகளைப் படித்து யானையை ஒதுக்கிவைத்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அப்படியானால் எவ்வளவு புல்வெளி தேவை?

எண் சொல்லிவிட்டால் அதையே பிடித்துக்கொள்வார்கள் என்பதால் தயங்குவேன். ஏனென்றால் ஒரு கட்டத்தில் புல் எவ்வளவு அடர்த்தி, எவ்வளவு வேகமாகத் திரும்ப வளர்கிறது என்பது இடத்துக்கு இடம் மாறும். நான் ஒரு ஜோடிக்கு 20-க்கு 20 கட்டம் என்று தொடங்குவேன், அப்புறம் தரையைப் பார்ப்பேன். பகுதியின் நடுவில் வெறும் மண் தெரிய ஆரம்பித்தால் இடம் பற்றவில்லை என்று அர்த்தம். விலங்கின் விவரத்தைத் திறந்தால் பசி என்று காட்டும்; அது வரும்வரை காத்திருக்காதீர்கள், மண் தெரிந்தவுடனே பகுதியைப் பெரிதாக்குங்கள். இன்னும் நல்லது, பக்கத்தில் இரண்டாவது பகுதி ஒன்றைக் குறித்து மாற்றி மாற்றி மேயவிடுவது.

இடத்தைக் குறைத்தால் இன்னொரு தொல்லையும் உண்டு. நெருக்கடியில் அடைபட்ட விலங்குகள் ஒன்றையொன்று தாக்கும். கோழிகள் சண்டை போட்டால் இறகு பறக்கும். யானைகள் சண்டை போட்டால் பக்கத்தில் நின்ற ஆடு போய்விடும். யானைக்கென்று தனிப் பகுதி வையுங்கள்.

மழைக்காட்டில் இதற்கெல்லாம் வசதி அதிகம். பனி உறைந்து புல் மறையும் காலம் அங்கே பொதுவாக இல்லை. மூங்கில்கூட இந்த விளையாட்டில் புல் வகைதான். சாலை போட்ட இடத்திலும் வயல் குறித்த இடத்திலும் புல் வளராது என்பதை மட்டும் கோட்டையைத் திட்டமிடும்போதே நினைவில் வையுங்கள்.

புல்வெளிக்காக மரங்களை வெட்டித் தள்ளலாமா?

மரத்தடியைத் தவிர்த்துச் சுற்றிலும் புல் வளரத்தான் செய்யும், அதனால் அவசரப்பட்டு வெட்ட வேண்டியதில்லை. கண்டபடி வெட்டினால் எல்ஃப் தூதர் வந்து, ஆண்டுக்கு இத்தனை மரம்தான் வெட்டலாம் என்று கேட்பார். ஒப்புக்கொண்டு மீறினால் உறவு கெடும். அவர்கள்தான் யானை கொண்டுவரக்கூடிய வணிகர்களும், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

முற்றுகை வந்தால் மேலே மேயும் யானை சாகும். நிலத்துக்குள் வைக்கலாமா?

தாராளமாக. கோட்டையைத் தோண்டிக்கொண்டே போய் நிலத்தடிக் குகைகளைத் திறந்துவிட்டால், அதற்குப் பிறகு நீங்கள் குடைந்த மண் தளங்களில் குகைப்பாசியும் தரைப்பூஞ்சையும் தாமாகவே முளைக்கும். மேயும் விலங்குகளுக்கு அவையும் புல்தான், வெளிச்சமும் தேவையில்லை. வெறும் பாறைத் தளமாக இருந்தால் தண்ணீர் பாய்ச்சிச் சேறாக்க வேண்டும்.

என் அபிப்பிராயத்தில் யானை வளர்ப்பின் முக்கால்வாசிப் பிரச்சினைக்கு இதுதான் தீர்வு. நுழைவாயிலுக்கு அடுத்து, மண் அடுக்கிலேயே ஒரு பெரிய கூடத்தைக் குடைந்துவிடுங்கள். தூண்கூட வேண்டாம், இந்த விளையாட்டில் கூரை அப்படியெல்லாம் இடிந்துவிழாது. குகையைத் திறப்பதால் வரும் பிராணிகளுக்கு அஞ்சுபவர்கள், எட்டிப்பார்க்கும் அளவுக்குத் திறந்துவிட்டு உடனே சுவர் வைத்து அடைத்துவிடலாம். பாசி வளர்வதற்கு அதுவே போதும்.

போர் யானை ஆக்க முடியுமா?

முடியும், யானை அதற்குத் தகுதியான இனம். பழக்கிய பிறகு அதே பட்டியலில் போர்ப் பயிற்சிக்கான குறியை அழுத்தினால் போதும். வேட்டைக்கும் பழக்கலாம். வேட்டைக்குப் பழகிய விலங்கு எசமானரோடு பதுங்கிப் பதுங்கிப் போகும்; யானை பதுங்குவதைப் பார்க்க வேண்டுமென்றால் மட்டும் அதைச் செய்யுங்கள்.

போர் யானையை ஒரு வீரருக்கு ஒதுக்கிவிடத்தான் எல்லோருக்கும் ஆசை. நான் வேண்டாம் என்பேன். ஒதுக்கிய விலங்கு அவர் பின்னாலேயே போகும். அவர் படுக்கை அறைக்கும் உணவுக்கூடத்துக்கும் பயிற்சி மைதானத்துக்குமாக அலைவார். அங்கெல்லாம் புல் ஏது? நாய்க்கு இது பிரச்சினையே இல்லை, அதற்குப் பசி கிடையாது. யானை எசமானர் பின்னால் நடந்தே பட்டினியில் சாகும் ஆபத்து உண்டு.

அதைவிட, கோட்டை வாசலுக்கு உள்ளே இருக்கும் மேய்ச்சல் கூடத்தை வழியோடு சேர்த்தே அமைத்துவிடுங்கள். உள்ளே வருகிற எவரும் அதைக் கடந்துதான் வர வேண்டும். இரண்டு போர் யானைகள் அங்கே மேய்ந்துகொண்டிருந்தால் பூதக் கும்பல் சின்னதாக வரும்போது படையைக் கூப்பிடவே வேண்டியிருக்காது. வில்லாளிகள் நிறைந்த பெரிய முற்றுகைக்கு மட்டும் கதவை மூடிவிடுங்கள். யானைக்குக் கவசம் போட முடியாது. தூரத்திலிருந்து அம்பு விழுந்தால் உருவம் உதவாது.

குட்டி போடுமா? எவ்வளவு நாளில் வளரும்?

ஆணும் பெண்ணும் இருந்தால் போடும். போடவே இல்லை என்றால் ஜோடியை மாற்றிப் பாருங்கள்: எதிர்பால் ஈடுபாடே இல்லாத தனி விலங்குகளும் இந்த விளையாட்டில் உண்டு.

பிடித்துப் பழக்கிய தாய்க்குப் பிறந்த குட்டியைச் சின்ன வயதிலேயே பயிற்சிக்குக் கொடுத்துவிடுங்கள். காட்டில் பிடித்தது எப்போதும் நழுவிக்கொண்டே இருக்கும். இங்கே பிறந்து இளமையில் பழகியது நிரந்தரமாகப் பழகிவிடும். நீண்டகாலத்துக்கு யானை வைத்திருக்க நினைப்பவர்களின் உண்மையான இலக்கு இந்த இரண்டாவது தலைமுறைதான்.

வளர்வதற்குத்தான் பொறுமை வேண்டும். முழு உருவத்தை எட்டப் பத்து ஆண்டு ஆகும். விளையாட்டின் ஓர் ஆண்டு 336 நாள், 4,03,200 துடிப்புகள் (விளையாட்டு காலத்தை எண்ணும் மிகச்சிறிய அலகு). நொடிக்கு நூறு துடிப்பு வேகத்தில் ஓடினால் ஓர் ஆண்டுக்கு நிஜத்தில் ஒரு மணி நேரமும் ஏழு நிமிடமும். பத்து ஆண்டுக்குப் பதினொரு மணி நேரத்துக்கு மேல். கோட்டை பெருத்ததும் கணினி திணறும், அப்போது நூறெல்லாம் கனவு. பெரும்பாலான கோட்டைகளின் ஆயுள் இதைவிடக் குறைவு என்பதும் எல்லோருக்கும் தெரிந்ததே.

இறைச்சிக்காக வளர்ப்பது லாபமா?

இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பது இங்கே பாதிதான் செல்லும். ஒரு யானையை வெட்டினால் இறைச்சியும் கொழுப்பும் எலும்பும் தந்தமும் குவியும். இழுத்துப்போடவே கூட்டம் வேண்டும், கிடங்கில் பீப்பாய் போதாது. ஆனால் தோல் ஒன்றே ஒன்று. யானைத் தோலும் ஒரு தோல், நாய்த் தோலும் ஒரு தோல். பதப்படுத்தினால் வருவதும் ஒன்றுதான். தோல் கவசத்துக்கு யானை வளர்ப்பது வீண்.

இறைச்சிக்கும், பத்து ஆண்டு புல் தின்னவிட்டு வெட்டுவதைவிட, சீக்கிரம் பெருகும் பன்றியோ கோழியோ மேல். பன்றிக்குப் புல்லும் வேண்டாம். காட்டில் பிடித்த கூட்டம் மேய்ச்சலுக்கு அதிகமாகிவிட்டால், பழக்கிய பிறகு உபரியை வெட்டலாம்; பழக்காத காட்டு விலங்கைக் கசாப்புக்குக் குறிக்க முடியாது.

பால்?

கறக்க முடியாது. பாலும் வேண்டும், உருவமும் வேண்டும் என்றால் நீர் எருமையைப் பாருங்கள். 10,00,000 அளவு, காட்டில் பிடித்துப் பழக்கும் வேலை இல்லை, மறுபடி காட்டுநிலைக்குப் போவதும் இல்லை.

யானை மனிதர்கள், ராட்சத யானை என்றெல்லாம் வருகிறதே?

கொடுங்காடு என்று குறிக்கப்பட்ட இடங்களில் அவை உண்டு. ராட்சத யானை சாதா யானையைவிடப் பன்மடங்கு பெரியது. அதையும் அதே மரக்கூண்டு பிடிக்கும் என்பதுதான் வேடிக்கை. புல் விஷயத்தில் இன்னும் தாராளமாக இருங்கள்.

செத்த யானை எழுந்து வருகிறது. என்ன செய்வது?

பிணங்கள் எழும் தீய நிலத்தில் கோட்டை போட்டிருக்கிறீர்கள். அங்கே யானை வளர்க்காதீர்கள். ஐந்து டன் பிணம் எழுந்தால் ஒரு தொல்லை. வெட்டிப் பிரித்துவைத்த தோலும் தனியாக எழும்.

யானையின் பசியை நானே குறைத்துக்கொள்ளலாமா?

குறைத்துக்கொள்ளலாம். விலங்குகளின் விவரமெல்லாம் சாதாரண உரைக்கோப்புகளில்தான் இருக்கின்றன. விளையாட்டின் கோப்புறையில் டேட்டா, அதற்குள் வெனிலா, அதற்குள் உயிரினங்களுக்கான கோப்புறை என்று போனால் வெப்பமண்டலப் பெருவிலங்குகளின் கோப்பு கிடைக்கும். யானையின் பகுதியில் மேய்ச்சலைக் குறிக்கும் வரியை நீக்கினால் புலியைப் போல அதுவும் எதுவும் தின்னாது. மூலக்கோப்பில் நேரடியாகக் கைவைப்பதைவிட நகலெடுத்துத் தனி 'மாட்' (mod, ஆட்டக்காரர் செய்யும் மாற்றத் தொகுப்பு) ஆக வைத்துக்கொள்ளுங்கள், புதுப்பிப்பு வந்தால் அழியாது. மாற்றத்துக்குப் பிறகு புதிதாக உருவாக்கும் உலகத்தில்தான் அது நடைமுறைக்கு வரும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் கோட்டையின் யானைக்குப் பழைய பசிதான்.